"அப்புறம்?": சும்மா பேசுவதற்கு ஓர் எளிய விளக்கம்

சாயங்காலம் ஆறு மணி. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள காபிக் கடையில் மூன்று பேர் நிற்கிறார்கள். நான்காவது ஆள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வருகிறார்.

"என்ன மாப்ள, ஆபீஸ் முடிஞ்சுதா?"

"ம்ம், முடிஞ்சுது. என்ன சேதி?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான். நீ சொல்லு."

"என்னத்தச் சொல்ல, வெயில் கொளுத்துது."

"ஆமாமா. அப்புறம்?"

இந்த ஐந்து வரியில் யாருக்கும் தெரியாத தகவல் ஒன்றுகூட இல்லை. ஆபீஸ் முடிந்ததால்தான் அவர் வந்திருக்கிறார். வெயில் அடித்தது நான்கு பேரின் சட்டை முதுகிலும் தெரிகிறது. வீட்டுக்குப் போனதும் "இவ்வளவு நேரம் என்ன பேசினீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா பேசிட்டிருந்தோம்" என்பதுதான் பதில். அது உண்மையும்கூட. ஆனால் மறுநாள் ஆறு மணிக்கு அதே நால்வர் அதே இடத்தில் நிற்பார்கள். ஒருவர் இரண்டு நாள் வரவில்லையென்றால் "என்னப்பா, ஆளையே காணோம்?" என்று போன் போகும்.

இப்படிப் பேசுவதற்கு நம்மிடம் பெயர்கள் ஏராளம்: அரட்டை, வெட்டிப் பேச்சு, ஊர்க்கதை, அக்கப்போர், திண்ணைப் பேச்சு. பெரும்பாலானவற்றில் ஒரு கண்டிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலையற்றவர் செய்யும் வேலை என்ற கண்டிப்பு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. மனிதர் செய்யும் மிக முக்கியமான வேலைகளில் ஒன்று இது என்றே நினைக்கிறேன். இதைப் பற்றி ஆய்வாளர்கள் சுமார் நூறு ஆண்டுகளாக எழுதியும் வருகிறார்கள்.

தொடங்கி வைத்தவர் ப்ரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி. போலந்தில் பிறந்த மானிடவியலாளர். முதல் உலகப் போர் நடந்த காலத்தில், இன்றைய பப்புவா நியூ கினியைச் சேர்ந்த ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி, அங்குள்ளவர்களின் மொழியைக் கற்றுக்கொண்டு, அவர்களோடு வாழ்ந்தார். பகல் வேலையெல்லாம் முடிந்தபின் ஊர்த் தீயைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டபோது ஒன்று புரிந்தது. அந்தப் பேச்சின் நோக்கம் தகவல் சொல்வதல்ல. ஒரு காரியத்தை முடிப்பதும் அல்ல. ஆழ்ந்த எண்ணத்தை வெளியிடுவதும் அல்ல. பேசுவதால் உண்டாகும் நெருக்கமே அந்தப் பேச்சின் பயன். 1923-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு 'ஃபாட்டிக் கம்யூனியன்' என்று பெயர் வைத்தார். 'ஃபாட்டிக்' என்பது பேச்சைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இதை 'உறவாடும் பேச்சு' என்று சொன்னால் பொருந்தும் என்பது என் எண்ணம்.

அவர் காட்டும் உதாரணங்கள் மிக எளியவை. ஆங்கிலேயர் "இன்று நல்ல வானிலை" என்கிறார், அந்தத் தீவுப் பகுதியின் மக்களான மெலனீசியர் "எங்கிருந்து வருகிறாய்?" என்கிறார். இரண்டும் ஒன்றைத்தான் செய்கின்றன. இரண்டு மனிதர் எதிரெதிரே வாய் திறக்காமல் நிற்கும்போது உண்டாகும் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. மௌனத்தைக் கலைப்பது தோழமையின் முதல் படி, சேர்ந்து உண்ணும்போதுதான் அது முழுமை பெறுகிறது என்றும் அவர் எழுதினார். பேச்சோடு காபி ஏன் வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

1960-இல் ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் மொழி செய்யும் ஆறு வேலைகளைப் பட்டியலிட்டபோது இதற்கும் ஓர் இடம் தந்தார். பேசுவோர் இருவருக்கும் நடுவே உள்ள வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் மொழியின் வேலைதான் என்றார். போனில் "ஹலோ, கேக்குதா?" என்கிறோமே, அது அப்பட்டமான உதாரணம். அங்கே கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கிறோம். காபிக் கடையில் உறவு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

இந்தக் கருத்தைத் தமிழருக்கு விளக்குவது கடினமே இல்லை, ஏனென்றால் மொழியே அதை அறிந்து வைத்திருக்கிறது. இரண்டு குடும்பம் பகையானால் என்ன சொல்கிறோம்? "அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது." உறவு போயிற்று என்பதை, பேச்சு போயிற்று என்றே சொல்கிறோம். சின்னப் பிள்ளைகள் சண்டை போட்டுக் 'காய்' விட்டால் அதன் பொருள் இனிப் பேச மாட்டேன் என்பதுதான். 'பழம்' என்றால் பேச்சு மீண்டது. ஒருவர் கதை சொல்லும்போது மற்றவர் 'உம்… உம்…' என்பதற்குத் தனிப் பெயரே உண்டு, உம் கொட்டுதல். உம் கொட்டுவது நின்றால் பாட்டி கதையை நிறுத்திவிட்டு "தூங்கிட்டியா?" என்று கேட்பார். யாகப்சன் சொன்ன வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை அதுதான்.

"சாப்பிட்டாச்சா?" என்பதும் அப்படியே. கேட்பவர் இலை போடப் போவதில்லை. "ஆச்சு, நீங்க?" என்பதோடு அது முடிந்துவிடும். வழியில் எதிர்ப்படுபவரிடம் "எங்கே போறீங்க?" என்று கேட்பது சகுனத்துக்கு ஆகாது என்று பெரியவர்கள் "எவ்வளவு தூரம்?" என்பார்கள். கிலோமீட்டரில் யாரும் பதில் சொல்வதில்லை. "சும்மா, இப்படிக் கடைத்தெரு வரைக்கும்" என்றால் போதும். யாழ்ப்பாணத்தில் "என்ன புதினம்?" என்பார்கள். தமிழ்நாட்டில் புதினம் என்றால் நாவல். அங்கே அது செய்தி. புதிதாக ஏதும் நடக்காத நாளிலும் கேட்கப்படும் கேள்வி அது.

எல்லாவற்றுக்கும் மேலே எனக்குப் பிடித்தது 'அப்புறம்'. அகராதியில் 'பிறகு' என்பது போன்ற பொருள்தான் இருக்கும். கடை வாசலில் அதன் பொருள் வேறு: "என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இந்தப் பேச்சு முடிந்துவிட வேண்டாம்." ஒரே சொல்லில் இவ்வளவையும் சொல்லிவிடலாம்.

சரி, இப்படி ஒன்றுமில்லாததைப் பேசுவது சுலபமான வேலையா? பேச்சைப் பதிவு செய்து, நொடியைப் பல கூறாக்கி அளந்து பார்த்தவர்கள் இல்லை என்கிறார்கள். டேனிஷ், ஜப்பானியம், கொரியன், இத்தாலியன் உட்படப் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒருவர் கேள்வியை முடித்ததற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு படத்தைக் காட்டி "இதன் பெயரென்ன?" என்றால், அந்த ஒற்றைச் சொல்லைத் தேடி எடுத்து வாயால் சொல்லத் தொடங்கவே நமக்கு அரை நொடிக்கு மேல் ஆகிறது. அப்படியானால், எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே முடிப்பார் என்று கணித்து, நம் பதிலையும் கட்டிக்கொண்டிருக்கிறோம். கையில் சுடும் டம்ளரோடு, பின்னால் பஸ் ஹாரன் அலற, நான்கு பேர் இதைத் தடுமாறாமல் செய்கிறார்கள்.

நான்கு பேர் என்றேன் அல்லவா, அதிலும் விஷயம் இருக்கிறது. ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் மனிதர் தாமாகக் கூடிப் பேசும் இடங்களைக் கவனித்து 1995-இல் எழுதினார்கள். ஒரு பேச்சில் நால்வர் வரை சேர்ந்து இருப்பார்கள். ஐந்தாவது ஆள் வந்ததும் பேச்சு பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்துவிடும். அடுத்த முறை கடைக்குப் போனால் கவனியுங்கள். ஐந்தாறு பேர் வட்டமாக நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் இருவர் கிரிக்கெட்டும் அந்தப் பக்கம் மூவர் வீட்டு வாடகையும் பேசிக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. பேச்சு அப்படித்தான் பிரியும்.

குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சுத்தம் செய்வதற்காக மட்டும் அல்ல. 'நான் உன் பக்கம்' என்று சொல்லும் வழியும் அது. கூட்டம் பெரிதானால் பேன் பார்க்க நேரம் போதாது, ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தானே பார்க்க முடியும்? பேச்சு என்றால் ஒரே சமயத்தில் மூவரை எட்டலாம். மனிதக் கூட்டம் பெருகியபோது பேன் பார்ப்பதன் இடத்தைப் பேச்சு பிடித்திருக்கலாம் என்பது டன்பாரின் கருத்து. மொழி எப்படித் தோன்றியது என்பதில் எல்லா ஆய்வாளரும் இதை ஏற்கவில்லை. ஆனால் சும்மா பேசுவது என்ன செய்கிறது என்று விளக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது.

இனி கலாய்ப்பதற்கு வருவோம். நண்பர்கள் கூடினால் யாராவது ஒருவரை ஓட்டாமல் பொழுது போகாது. மதுரைப் பக்கம் லந்து, கோவைப் பக்கம் லொள்ளு, பொதுவாகக் கிண்டல். வெளியாள் காதில் விழுந்தால் சண்டை என்றே நினைப்பார். "புதுச் சட்டையா மாப்ள? அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்ததுன்னு நெனச்சேன்" என்று ஒருவர் சொல்ல, சட்டைக்காரரே முதலில் சிரிக்கிறார்.

இதற்கும் மானிடவியலில் ஒரு பெயர் உண்டு, கேலி உறவு. 1940-இல் ராட்க்ளிஃப்-பிரவுன் என்பவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பல சமூகங்களில் குறிப்பிட்ட சில உறவுக்காரர்களுக்கு மட்டும் கேலி செய்ய உரிமை உண்டு. கேலிக்கு ஆளானவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. திருமணத்தால் இணையும் இரு குடும்பங்களுக்கு நடுவே நெருக்கமும் இருக்கும், உரசலும் இருக்கும்; அந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வைத்துக்கொள்ளும் வழி கேலி என்றார் அவர்.

நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மாமன் மகன், அத்தை மகன், மச்சான், கொழுந்தி என்று கேலிக்கு உரிய முறை எது, அடக்கிப் பேச வேண்டிய முறை எது என்று சின்ன வயதிலேயே தெரிந்துவிடுகிறது. நண்பர்கள் ஏன் ஒருவரை ஒருவர் 'மச்சான்', 'மச்சி', 'மாப்ள' என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று நான் நெடுநாள் யோசித்ததுண்டு. 'பங்காளி' என்பவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் ஓட்டும்போது வாயில் வருவது பெரும்பாலும் மச்சானும் மாப்ளையும்தான். மச்சான் என்றால் கிண்டல் பண்ணலாம். அந்த உரிமையை முறைச்சொல்லோடு சேர்த்துக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது நான் வந்து சேர்ந்த விளக்கம்.

ஆனால் இதில் எல்லைகள் உண்டு, அவை எங்கேயும் எழுதப்படவில்லை. சட்டையை ஓட்டலாம், வண்டியை ஓட்டலாம், தொப்பையை ஆளைப் பார்த்து ஓட்டலாம். வாங்கிய கடனை, பிள்ளை இல்லாததை, போன வேலையை, சாதியைத் தொடக் கூடாது. தொட்டவர் "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். அதைக் கூட்டம் ஏற்கக் கூடாது என்பேன். கேலி இரு பக்கமும் ஓட வேண்டும். தினமும் ஒருவரே வாங்கிக் கட்டிக்கொள்கிறார் என்றால் அதற்குப் பெயர் கேலி இல்லை.

அரட்டையில் அடுத்தவரைப் பற்றிய பேச்சுதானே அதிகம், அது புறம் பேசுவதுதானே என்று கேட்கலாம். டன்பாரும் அவர் குழுவினரும் பிரிட்டனில் சாதாரண மனிதர்களின் உரையாடலைக் கவனித்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். பேச்சின் பெரும்பகுதி மனிதர்களையும் அனுபவங்களையும் பற்றியதுதான். ஆனால் ஒருவரைக் குறை சொல்லும் பேச்சு அதில் மிகக் குறைவு. நம் காபிக் கடையையும் அப்படி அளந்து பார்த்தால் வியப்போம் என்று தோன்றுகிறது. யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீடு மாறுகிறார், எந்தத் தெருவில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கிறது என்பதில்தான் பெரும்பாலான நேரம் போகிறது.

இப்படிக் காற்றுவாக்கில் வரும் சேதிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டன் புறநகர் ஒன்றில் அண்மையில் வேலை மாறியவர்களிடம், வேலை பற்றிய சேதியை யார் சொன்னார்கள் என்று விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை வாரம் இருமுறையாவது பார்ப்பவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6 சதவீதம், வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர்கள் 27.8 சதவீதம். 1973-இல் வந்த அந்தக் கட்டுரை இதற்கு 'மெல்லிய பிணைப்புகளின் வலு' என்று பெயர் சூட்டியது. காரணம் எளிது. உயிர் நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைத் திருப்பும் அண்ணனுக்குத் தெரிந்தது வேறு உலகம். நான் இப்போது குடியிருக்கும் வீடு அப்படித்தான் கிடைத்தது. பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவர், டம்ளரை வைத்துவிட்டு, "தம்பி, வீடு தேடுறீங்கன்னு சொன்னாங்களே, எங்க தெருவுல ஒண்ணு காலியாகுது" என்றார்.

சேதி சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. நேரே கொட்டிவிட மாட்டோம். "உனக்கு விஷயம் தெரியுமா?" என்று ஒரு கதவைத் தட்டுவோம். எதிராளி "என்ன?" என்றால் உள்ளே போகலாம். "ஆமா, காலைலயே கேள்விப்பட்டேன்" என்றால் திரும்பிவிட வேண்டும். தெரிந்ததையே மறுபடி கேட்கும் தொல்லை அவருக்கு இல்லை. துக்கச் செய்தியென்றால் இந்தக் கதவு இன்னும் மெதுவாகத் தட்டப்படும். குரல் இறங்கும், "நம்ம…" என்று பெயரைச் சொல்லிவிட்டு ஒரு நொடி நிற்கும். கேட்பவருக்கு அதிலேயே பாதி புரிந்துவிடும்.

இவ்வளவு சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. காபிக் கடை எல்லாருக்கும் பொது இடமாகவே இருந்தது என்று நினைப்பது தவறு. ஒரு காலத்தில் சென்னை மாகாணத்துக் காபி ஹோட்டல்களில் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. ஹோட்டல் பலகையில் 'பிராமணாள்' என்று எழுதுவதை எதிர்த்துப் பெரியார் 1957-இல் திருவல்லிக்கேணியில் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. தலித் மக்களுக்குத் தனி டம்ளர் வைக்கும் இரட்டைக் குவளை வழக்கம் பல கிராமத்து டீக்கடைகளில் இருந்தது, இன்னும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. சேர்ந்து குடித்துப் பேசுவதுதான் உறவை உண்டாக்குகிறது என்பது அந்த வழக்கத்தை வைத்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் டம்ளரைப் பிரித்தார்கள்.

பெண்களும் அந்தப் பெஞ்சில் குறைவு. அவர்களுடைய பேச்சு குழாயடியிலும், கோலம் போடும் வாசலிலும், பள்ளிக்கூட வாசலிலும், மின்சார ரயிலின் மகளிர் பெட்டியிலும் நடக்கிறது. வேலை அதே வேலைதான். ஆனால் 'வம்பளத்தல்' என்ற சொல் ஏனோ அவர்கள் தலையிலேயே அதிகம் விழுகிறது. ஆறு மணிக்கு ஆண்கள் காபிக் கடையில் அளப்பதும் அதே வம்புதான்.

புதிதாக ஒரு கூட்டத்தில் சேர்பவர்கள் சில சமயம் "நான் என்ன பேசுவது, எனக்கு ஒன்றும் தெரியாதே" என்று தயங்குவார்கள். ஒன்றும் தெரிய வேண்டாம். டிகாக்ஷன் இன்று கொஞ்சம் கசக்கிறது என்று சொல்லலாம். மழை வருமா என்று கேட்கலாம். உம் கொட்டினாலே பாதி இடம் கிடைத்துவிடும். நாளைக்குக் காசை நீங்கள் கொடுங்கள். மீதி இடமும் கிடைத்துவிடும்.

கடைசியாக, பேச்சை முடிப்பது. அது தொடங்குவதைவிடக் கடினம். தொடங்கும்போது மௌனம் கலைகிறது. முடிக்கும்போது உறவு அறுந்ததாகத் தோன்றக் கூடாது. அதனால் படிப்படியாக இறங்குகிறோம். "சரி…" என்று ஒருவர் இழுப்பார். "சரி அப்ப…" என்பார் இன்னொருவர். வண்டிச் சாவி வெளியே வரும். அப்போதுதான் ஒருவருக்கு முக்கியமான விஷயம் நினைவுக்கு வரும். இன்னும் பத்து நிமிடம். பிறகு "வரட்டா?", "வரேன்", "போயிட்டு வரேன்". போகிறவர் எவரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. விடைபெறும் சொல்லையே திரும்பி வருவதாகச் சொல்லும் சொல்லாக வைத்திருக்கிறது தமிழ்.

அதைச் சொல்லாமல் கிளம்பும் இடம் ஒன்று உண்டு. துக்க வீடு. எங்கள் நால்வரில் ஒருவருடைய அப்பா தவறியபோது நாங்கள் மூவரும் அவர் வீட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது வழக்கப்படி யாரும் எதுவும் சொல்லாமல் எழுந்து வந்தோம். அவர் வாசல் வரை வந்து நின்றதும், நாங்கள் அப்படியே நடந்ததும் பல நாள் மனதை அறுத்துக்கொண்டிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் அவர் கடைக்கு வந்தார். அப்பாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாஸ்டர் கேட்காமலேயே அவருக்குச் சர்க்கரை குறைத்துக் காபி போட்டார். ஒருவர் வெயிலைப் பற்றிச் சொன்னார், இன்னொருவர் பாலம் வேலை இந்த வருஷமும் முடியாது என்றார். அவர் உம் கொட்டிக்கொண்டிருந்தார். நடுவில் "அப்புறம்?" என்று அவரே கேட்டார். அரை மணி நேரம் கழித்து டம்ளரை வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

"சரி மாப்ள, வரேன்" என்றார்.